உள்நுழைந்த நேரம், வெளியேறிய நேரம்

வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஓர் ஆசிரியைக்குக் காலை ஏழரை மணி எவ்வளவு கொடுமையானது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் இப்போது தெரிந்திருந்தது.

இருபத்திரண்டு நாட்களாக அக்கா பள்ளிக்குப் போகவில்லை. ஆய்வகத்தில் ஸ்பிரிட் விளக்கு சாய்ந்து, எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் வலது கையிலும் கழுத்திலும் தீப்பிடித்த நாளிலிருந்து வீட்டிலேயே இருந்தாள். ஆனால் ஏழரை மணிக்குக் குளித்துத் தலைவாரித் தயாராகி விடுவாள். அதன்பிறகு எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருப்பாள்.

"நான் மூணாவது மேஜை பக்கத்துலதான் நின்னேன். கண் மூடித் திறக்கறதுக்குள்ள நடந்துடுச்சு."

விசாரணையின் முதல் நாள் அவள் சொன்னது இது. பிறகு சாப்பாட்டு மேஜையில் சொன்னாள், தொலைபேசியில் சொன்னாள், துணி மடிக்கும்போது யாரும் கேட்காமலே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஒரு சொல்கூட மாறவில்லை.

அதுதான் குட்டிக்கு உறுத்தியது. நேற்றுச் சமைத்த குழம்பைப் பற்றிக் கேட்டாலே மூன்று விதமாகப் பதில் சொல்கிற அக்கா இவள்.

குட்டி என்பது வீட்டுப் பெயர். முப்பத்து நான்கு வயதாகியும் அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை. அப்பா அம்மா இருவரும் போனபிறகு பதினோரு வயது மூத்த அக்காதான் அவளைப் படிக்க வைத்தாள். அக்காவுக்குக் கல்யாணமாகி அத்தான் வந்தபோதும், "இவளும் இங்கதான் இருப்பா" என்று ஒரே வரியில் பேச்சை முடித்தவள். அத்தானும் மறுபேச்சுப் பேசவில்லை.

"இன்னிக்கு மூணு மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க" என்றாள் அக்கா, காலித் தம்ளரைக் கழுவியபடி. அது ஏற்கெனவே கழுவிய தம்ளர்.

"தெரியும்க்கா. நான் வேணா லீவு போட்டுட்டு வரட்டுமா?"

"வேணாம். அவர் வர்றாரு." தம்ளரைக் கவிழ்த்தாள். "அந்த ரெண்டு பிள்ளைங்க ஏன்தான் அப்படிச் சொல்லுதுங்களோ. டீச்சர் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தாங்களாம். பயந்துபோன பசங்க, எதையோ பார்த்துட்டு எதையோ சொல்லுதுங்க."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்து பார்த்தார். வேறொரு பள்ளியில் கணக்கு வாத்தியார் அவர். அடுத்த மாதம் துணைத் தலைமையாசிரியர் ஆகப் போகிறார். எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கிற மனிதர். அன்று அவரிடம் ஜோக் இல்லை.

"போயிட்டு ஒரு மணிக்கு வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

---

ஆசிரியர் சங்க அலுவலகத்தில் குட்டிக்கு உறுப்பினர் கணக்குப் பிரிவில் வேலை. நாற்பதாயிரம் ஆசிரியர்களின் இணையக் கணக்குகள் அங்கே இருந்தன. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஆசிரியரும் ஐம்பது மணி நேரம் பயிற்சி முடித்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் பாடம் நடத்தும் உரிமம் புதுப்பிக்கப்படும். முடித்த மணிகள் அவரவர் கணக்கில் ஏறும். ஏறாவிட்டால் குட்டிக்குப் போன் வரும்.

கெடு முடிந்து மூன்று வாரமாகியும் போன் ஓய்ந்தபாடில்லை.

"அம்மா, என் ஆறு மணி நேரத்தைக் காணோம்."

"எந்தப் பயிற்சி சார்?"

"நினைவாற்றலை வளர்ப்பது எப்படின்னு ஒண்ணு."

"எந்தத் தேதியில முடிச்சீங்க?"

"அதுதாம்மா ஞாபகம் இல்ல."

மற்ற நாளாக இருந்தால் இதைப் பக்கத்து மேஜைக்காரிக்குச் சொல்லிச் சிரித்திருப்பாள். அன்று போனை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். கல்யாணத்துக்குப்பின் மாறிய பெயர், மறந்துபோன பாஸ்வேர்டு, பேரன் தவறுதலாக அழித்துவிட்ட சான்றிதழ் என்று பதினோரு மணி வரை ஓடியது.

அப்போதுதான் மேலாளர் ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். அலுவலகத்தில் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். அவர் பேசி முடித்தபின் யாரும் எதையும் சேர்த்துப் பேச முடியாது.

"விசாரணைக் குழுவிலேர்ந்து வந்திருக்கு. ஒரு உறுப்பினரோட பதிவு வேணுமாம். மூணு மணிக்குள்ள போகணும். எடுத்து வை."

கடிதத்தில் பெயர் இல்லை. உறுப்பினர் எண்ணும் ஒரு தேதியும் மட்டும் இருந்தன. அன்றைய தினம் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை அந்தக் கணக்கில் நடந்தவற்றின் முழு விவரம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

அது யாருடைய எண் என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவளே குட்டிதான். "நீயே ஒரு நல்ல நம்பரா பார்த்துப் போடு" என்று அக்கா பக்கத்தில் நின்று கிண்டல் செய்திருந்தாள்.

தேதியும் தெரிந்த தேதிதான். உரிமத்துக்கான மணிகளை ஏற்றக் கடைசி நாள். நண்பகல் பன்னிரண்டு மணியோடு கணக்குகள் மூடப்பட்ட நாள். அன்றைக்குத்தான் தீப்பிடித்தது.

குட்டி எண்ணை அடித்தாள்.

உள்நுழைந்த நேரம் 11.04. வெளியேறிய நேரம் 11.28. பயிற்சியின் பெயர், வகுப்பறைப் பாதுகாப்பு. கேள்விகள் பத்து, சரியான விடைகள் ஒன்பது. கணக்கில் ஏறியது இரண்டு மணி. மொத்தம் ஐம்பது.

தீப்பிடித்தது 11.25க்கு. ஆம்புலன்சைக் கூப்பிட்ட நேரம் 11.30. விசாரணைத் தாளில் அது பதிவாகியிருந்தது. அக்காவே மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்த நகலைக் குட்டி எத்தனையோ தடவை படித்திருந்தாள்.

திரையின் ஓரத்தில் நேரத் திருத்தம் என்று ஒரு பொத்தான் இருந்தது. கணினி தவறாகக் குறித்த நேரங்களைச் சரிசெய்ய அவள் தினமும் நாலைந்து தடவை அழுத்துகிற பொத்தான். ஒரு காரணம் எழுத வேண்டும். எழுதினால் போதும், பதினொன்று பத்தாகிவிடும். யாரும் கேட்க மாட்டார்கள்.

மவுஸின் மேலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை அவளுடையது போலவே இல்லை.

---

ஒரு மணிக்குப் பேருந்தைப் பிடித்து வீட்டுக்கு வந்தபோது அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வெளியே போகும் உடையில், மடியில் கைப்பையோடு, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவளைப் போல.

"என்னடி இந்த நேரத்துல?"

"அக்கா, உன் கணக்கோட பதிவைக் கேட்டிருக்காங்க. அன்னிக்குப் பதிவை."

அக்காவின் முகத்தில் எதுவும் அசையவில்லை. கைப்பையின் வாரை மட்டும் ஒரு சுற்று விரலில் சுற்றிக்கொண்டாள்.

"பதினொண்ணு நாலுக்கு உள்ள போயிருக்கு. இருபத்தெட்டுக்கு வெளிய வந்திருக்கு. அக்கா, நீதான் மூணாவது மேஜை பக்கத்துல நின்னேன்னு சொன்னியே. அப்புறம் யாரு அது?"

வெளியே ஒரு வண்டி பின்வாங்கும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"அவர்" என்றாள்.

"யாரு, அத்தானா?"

"ரெண்டு வருஷமா அவர்தான் எனக்கு முடிச்சுக் கொடுக்கறாரு. எனக்கு எங்க நேரம் இருக்கு? பேப்பர் திருத்தவே பொழுது பத்தல. பாஸ்வேர்டு அவர்கிட்ட இருக்கு. ராத்திரி சாப்பிட்டுட்டு உட்கார்ந்து ஒண்ணொண்ணா முடிச்சுடுவாரு. அன்னிக்குக் கடைசி நாள். அவருக்கு அரை நாள் லீவு. வீட்டுல உட்கார்ந்து முடிச்சாரு."

குட்டிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கமில்லாத நிம்மதி. அப்படியென்றால் அக்கா மேஜை பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள்.

அதற்கு அடுத்ததாகத்தான் மற்றது உறைத்தது.

"அப்போ அந்த ஐம்பது மணி நேரமும் பொய்யா?"

"கத்தாதே."

"உரிமம் போயிடும்க்கா. உனக்கு மட்டும் இல்ல. இன்னொருத்தர் பேர்ல பயிற்சி முடிச்சவருக்கும் போகும். அத்தானுக்கு அடுத்த மாசம்..."

"தெரியும்டி."

கதவு திறந்தது. அத்தான் வந்தார். இருவர் முகத்தையும் பார்த்ததுமே பேச்சு எதைப் பற்றியென்று அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் குட்டியிடம் நீட்டினார்.

"படிச்சுப் பாரும்மா. எழுத்துப் பிழை இருந்தா சொல்லு. கணக்கு வாத்தியாருக்கு ஒற்றுப்பிழை ஜாஸ்தி."

நல்ல கையெழுத்து. மேற்படி நாளில் காலை 11.04 முதல் 11.28 வரை என் மனைவியின் உறுப்பினர் கணக்கில் நுழைந்து பயிற்சியை முடித்தவன் நானே. நான் அப்போது வீட்டில் இருந்தேன். அவர் வகுப்பில் மாணவிகளின் அருகில் இருந்தார். இதற்கான முழுப் பொறுப்பையும் நான் ஏற்கிறேன்.

குட்டி அந்த நேரங்களைத் திரும்பப் படித்தாள்.

"இந்த நேரம் உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தான்?"

"கணக்கைத் திறந்தா அதுவே காட்டுதே. முந்தாநாள் பார்த்தோம்." அவர் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார். "பதிவைக் கேட்பாங்கன்னு தெரியும். அவங்க கேட்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடறது நல்லது."

"உங்க வேலை போயிடுமே."

"போனா போகட்டும். வாத்தியார் வேலை போனவன் நாலு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துப் பொழைச்சுப்பான். ஒரு பொண்ணு எரியறப்போ பார்க்காம இருந்தவங்கற பேரோட உன் அக்காவால எங்க போய் நிக்க முடியும்?"

"நிஜமாவே நீங்கதானா அத்தான்?"

"வேற யாரு?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

குட்டி கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள். தங்கையின் தோளில் கை வைத்தாள். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கி வந்த நாட்களில் வைக்கிற அதே கை, அதே அழுத்தம்.

"நீ ஒண்ணையும் தொட்டுடாதே குட்டி. இருக்கறதை இருக்கறபடியே அனுப்பு."

"சரிக்கா."

இரண்டு படி இறங்கியபின் பின்னாலிருந்து குரல் வந்தது. மிகவும் தணிந்த குரல்.

"ஏன் குட்டி, அதையெல்லாம் மாத்த முடியுமா என்ன?"

குட்டி திரும்பிப் பார்த்தாள். அக்கா ஏற்கெனவே கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

---

இரண்டே காலுக்கு முற்றுப்புள்ளியின் அறைக்குள் போனாள்.

"மேடம், அந்தப் பதிவை நான் எடுக்கக் கூடாது. அது என் அக்கா கணக்கு."

மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதைக் காலையிலேயே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும் மேடம்."

"எதையாவது தொட்டியா?"

"இல்ல. பார்த்தேன். அவ்வளவுதான்."

"பார்த்ததும் பதிவாகியிருக்கும். நான் ஒரு குறிப்பு எழுதி வெச்சுடறேன்." ஒரு கணம் தயங்கினார். பத்து வருடத்தில் அவர் தயங்கி அவள் பார்த்ததில்லை. "போறதுன்னா போ. இருக்கறதுன்னா அந்த நாற்காலியில உட்காரு."

குட்டி உட்கார்ந்தாள்.

மேலாளர் தன் கணினியில் கணக்கைத் திறந்தார். குட்டியின் திரையில் நேரமும் பயிற்சி விவரமும்தான் தெரியும். மேலாளருடையதில் இன்னும் சில கட்டங்கள் இருந்தன. அவர் கடிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, முழு விவரம் என்ற சொற்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டார்.

"நேரம் இருக்கு. பயிற்சி இருக்கு. எங்கேர்ந்துங்கறதும் வேணும் அவங்களுக்கு."

"எங்கேர்ந்துன்னா?"

"எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து உள்ள வந்தாங்கன்னு. பள்ளிகளுக்கு நாம கொடுத்த கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் இடத்தோட பேர் வெச்சிருக்கோமே. சொந்தக் கம்ப்யூட்டர்னா வெளி இடம்னு வரும்."

அவர் பக்கத்தைக் கீழே நகர்த்தினார். அக்கா சொன்னது போலவே, இரண்டு வருடத்துப் பதிவுகள் இருந்தன. வெளி இடம். வெளி இடம். வெளி இடம். எல்லாமே இரவு எட்டுக்கும் பத்துக்கும் இடையில். அத்தான் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து முடித்தவை. அதுவரை எல்லாம் உண்மை.

கடைசி வரிக்கு வந்தார்.

அறிவியல் ஆய்வகம். ஆசிரியர் மேஜை.

குட்டி அந்த ஆய்வகத்துக்குப் போயிருக்கிறாள். ஆண்டு விழாவில் அக்காவுக்கு உதவி செய்யப் போன இடம். ஆசிரியர் மேஜை கடைசியில், ஜன்னல் ஓரம் இருக்கும். அதற்கும் மாணவர் மேஜைகளுக்கும் நடுவில் கண்ணாடிக் குடுவைகள் அடுக்கிய ஆளுயர அலமாரி. அங்கே உட்கார்ந்தால் மூன்றாவது மேஜை தெரியாது.

மேலாளர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்காகக் குட்டி பிற்பாடு எத்தனையோ நாள் அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டாள்.

"அனுப்பறேன்" என்றார். அழுத்தினார். "அனுப்பியாச்சு."

மணி இரண்டு ஐம்பத்தொன்று.

குட்டி மாடிப்படிக்கு ஓடினாள். அத்தானின் கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. அக்காவுடையது நாலைந்து தடவை அடித்தபின் எடுக்கப்பட்டது. பின்னணியில் நாற்காலி இழுபடும் ஓசை, யாரோ இருமும் ஓசை.

"அக்கா, எங்க இருக்கே?"

"வெளியில பெஞ்சுல உட்கார வெச்சிருக்காங்க. என்ன?"

"அத்தான் அந்தக் கடிதத்தைக் கொடுத்துட்டாரா?"

"பையிலேயே இருக்கு. உள்ள கூப்பிட்டதும் கொடுப்பாரு."

"கொடுக்க வேணாம்னு சொல்லு. இப்பவே வாங்கி வெச்சுக்கோ." மூச்சு வாங்கியது. "எந்தக் கம்ப்யூட்டர்னும் பதிவாகியிருக்குக்கா. ஆய்வகம்னு போட்டிருக்கு. ஆசிரியர் மேஜைன்னு போட்டிருக்கு. அது அவங்க கைக்குப் போயிடுச்சு. அந்தக் கடிதத்தைக் கொடுத்தா அத்தானும் பொய் சொன்னவர் ஆயிடுவாரு. ரெண்டு பேரும் போயிடுவீங்க."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று குட்டி காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அக்கா."

"ரெண்டு மணி நேரம்தான் குறைஞ்சது குட்டி." குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "அவருக்கு அன்னிக்கு லீவு கிடைக்கல. பன்னிரண்டு மணிக்கு மூடிடுவாங்க. பிள்ளைங்க அமைதியாத்தான் இருந்துச்சுங்க."

"சரிக்கா, அதை அப்புறம் பேசலாம். முதல்ல அத்தானை..."

"அவ கத்தினப்போ கடைசிக் கேள்வியில இருந்தேன்."

குட்டி படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுச்சு. நல்லா கேட்டுச்சு. ஏதோ விளையாட்டுக்குக் கத்துதுங்கன்னு நினைச்சேன். இல்ல... அப்படி நினைக்கல. அப்படி நினைச்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பாதியில விட்டா மறுபடியும் முதல்லேர்ந்து பண்ணணும். ஒரே ஒரு கேள்வி. அதை முடிச்சுட்டுத்தான் எழுந்தேன்."

மாடிப்படியில் யாரோ கோப்புகளோடு ஏறி வந்து, குட்டியின் முகத்தைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள்.

"அத்தானுக்கு இது தெரியுமா?"

"அலமாரிப் பக்கம் ஏதோ எடுக்கப் போயிருந்தேன்னு சொல்லியிருக்கேன். கணக்கைத் திறந்தபடியே விட்டுட்டுப் போயிட்டேன்னு. நம்பினாரு. அவர் எப்பவும் நம்புவாரு."

"அக்கா, நான் சொல்றதைக் கேளு. எழுந்து போ. அவர் கையிலேர்ந்து அந்தத் தாளை வாங்கு. நீயே உள்ள போய் இதைச் சொல்லு. என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு."

அப்போது அந்தப் பக்கம் கதவு திறக்கும் ஓசை கேட்டது. யாரோ ஒரு பெண்ணின் குரல், அலுவலகத் தொனியில்: "டீச்சரோட கணவர் ஏதோ எழுத்து மூலமா கொடுக்கணும்னாராமே. அவரை முதல்ல வரச் சொல்றாங்க."

"இருக்கேன்ம்மா." அத்தானின் குரல் கேட்டது. அதில் சிரிப்புகூட இருந்தது. "கணக்கு வாத்தியார்னா முதல் பீரியடுதான் எப்பவும்."

"அக்கா, தடு. கூப்பிடு அவரை!"

காலடிகள் கேட்டன. நிதானமான, அவசரமில்லாத காலடிகள். அக்காவின் மூச்சு மட்டும் காதுக்கு மிக அருகில் கேட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட ஒரு சொல் போதும். குட்டி அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

கதவு சாத்தப்பட்டது.

"உள்ள போயிட்டாருடி" என்றாள் அக்கா.